சாதாரண ஸ்திரீ ஒன்று

எனக்குப் பென்ஷன் வர ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. இனி என்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்ற முடியாது. பெரிய துரை கூப்பிட்டனுப்பிக் கண்ணை உருட்ட முடியாது. ஆகையால் 1936-ம் வருஷம் ஆடி மாதம் குற்றாலத்தில் நடந்ததை இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

டில்லியில் தேசத்துக்கே பெரிய கோர்ட்டு ஒன்று வரப்போகிறது என்று பேப்பர்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. அதில் உட்காரும் நீதிபதிகளைப் பொறுக்கும்போது ஆண், பெண் என்று பார்ப்பதுண்டா, கிடையாதா என்று யாரோ ஒரு வேலையற்ற மனுஷன் சபையில் எழுந்து கேட்டுவிட்டார். உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லி உட்கார்ந்திருக்கலாம். சர்க்கார் கமிட்டி போட்டது. சென்னையில் புழுக்கமாகவும் குற்றாலத்தில் சாரலாகவும் இருந்தபடியால், இந்த விஷயத்தைக் குற்றாலத்தில் வைத்துத்தான் ஆராய முடியும் என்று கமிட்டி தன் முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானித்தது.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ராவ்பகதூர் வல்லிநாயகம் பிள்ளை, ரிட்டயரான ஜட்ஜு. இரண்டாமவர் ஒரு ஜமீன்தார். எந்தக் கமிட்டியானாலும் ஒரு ஜமீன்தார் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். மூன்றாமவர் லண்டனில் படித்த பாரிஸ்டர்; பெண்களின் சமத்துவத்தைப் பற்றி அங்கே ஏழு பிரசங்கம் செய்தவர்.

பெரிய அதிகாரிகள் முகாம் போட்டால் அவர்களுக்கு வேண்டிய சாமான்களைத் தாலுகாவில் இருந்து அனுப்ப வேண்டும். அந்த வேலை சப்ளை குமாஸ்தாவுடையது. அந்தச் சப்ளை குமாஸ்தா நான்தான், பெயர் நமசிவாயம். கமிட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இங்கிலீஷில் டைப் அடித்த ஜாபிதா வந்தது. கோழி பன்னிரண்டு. முட்டை அறுபது. எருமைப்பால் தினம் நாலு படி. நல்லெண்ணெய் இரண்டு டின். விறகு இரண்டு வண்டி. உடம்புக்கு எண்ணெய் தேய்க்கத் தெரிந்த ஆள் மூன்று. சாதாரண ஸ்திரீ ஒன்று.

கடைசி வரியை நான் மூன்று தரம் படித்தேன். பிறகு தாசில்தாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். கமிட்டி சாட்சி விசாரிக்க ஒரு சாதாரண ஸ்திரீ தேவை என்று அடிக்குறிப்பு இருந்தது.

"கோழி கிடைக்கும் வே. சாதாரண ஸ்திரீக்கு எங்க போக?" என்றார்.

நியாயமான கேள்வி. ஹெட் கிளார்க்கின் சம்சாரத்தை அனுப்பலாமா என்றால், தன் சம்சாரம் சாதாரணமானவள் அல்ல என்று அவர் எழுதியே கொடுத்தார். ரெவினியூ இன்ஸ்பெக்டரும் அப்படியே. ஆபீசில் பதினெட்டுப் பேர். ஒருவர் வீட்டிலும் சாதாரண ஸ்திரீ கிடையாது. தாசில்தார் தம் வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடைசியில் சரக்கைப் பிடித்துக் கொடுத்தவர் கிராம முன்சீப் தளவாய். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் அவருக்குக் கிராமம். அங்கிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பெண்பிள்ளை மனுவும் கையுமாக எங்கள் ஆபீசு வாசலில் வந்து நிற்பாள். பெயர் ஆவுடைத்தாய். நாற்பது வயது இருக்கும். புருஷன் செத்து ஐந்து வருஷம். அவளுக்கும் புருஷனின் அண்ணன் சங்கிலிப்பாண்டிக்கும் பொதுவான கிணறு ஒன்று உண்டு. தம்பி செத்ததும் சங்கிலிப்பாண்டி கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டு, படலில் பூட்டும் போட்டு, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டுவிட்டார். அவள் கோர்ட்டுக்குப் போனாள். நாலு வருஷமாக வாய்தா மேல் வாய்தா. இது கோர்ட்டு விவகாரம், இங்கே வராதே என்று நாங்களும் வாரம் தவறாமல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"ஏ ஆவுடைத்தாயி, உனக்கு ஒரு ஜட்ஜு தீர்ப்புச் சொல்ல மாட்டங்காரு. குத்தாலத்துல மூணு பேரு வந்து உக்காரப்போறாவ. உன்னைய விசாரிக்கணுமாம். போறியா?" என்றார் தளவாய்.

"மூணு ஜட்ஜா? எங்க கெணத்துக்கா?" என்றாள் அவள்.

"விசாரிப்பாவ" என்றார் தளவாய். அவர் பொய் சொல்லவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் பொய் சொல்லத் தேவைப்படுவது அபூர்வம்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, மிளகாய் பூவெடுக்குத நேரம். மவ வள்ளித்தாயி கொளத்துலருந்து கொடத்துல சொமந்து ஊத்துதா. ஏழு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள தீர்ப்புச் சொல்லிருவாகளா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆம் என்றா இல்லை என்றா என்பது எனக்கே விளங்கவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே கற்றுக்கொண்ட தலையாட்டல் அது.

குற்றாலத்தில் பங்களா வாசலில் வண்டியை நிறுத்தினேன். பட்லர் வந்து ஜாபிதாவை வாங்கிப் பார்த்தார். சப்ளைச் சாமான் எல்லாம் பின்கட்டில்தான் இறக்க வேண்டும் என்றார். ஆகவே கோழிகள், விறகு, எண்ணெய் டின், ஆவுடைத்தாய் எல்லாம் பின்கட்டில் இறங்கின. அன்று கமிட்டி அருவியில் இருந்தது. அதற்குள் சமையல்காரனுக்குக் காய்ச்சல் கண்டது. சும்மாதானே இருக்கிறாய் என்று பட்லர் அரிவாள்மணையை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலையில் விசாரணை. அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து கும்பிட்டாள். பங்களா சேவகன் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டான். ஜமீன்தார் கையை உயர்த்தினார்.

"தலைவர் அவர்களே, ஒரு ஆட்சேபணை. பெண் நீதிபதியாக உட்காரலாமா என்பதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி. அது தீருவதற்கு முன்பே ஒரு பெண்ணை நம் எதிரிலேயே நாற்காலியில் உட்கார வைத்தால், பாதி முடிவு சொன்ன மாதிரி ஆகிவிடாதா?"

பாரிஸ்டர் துள்ளி எழுந்தார். "நிற்க வைத்தால் மறு பாதியைச் சொன்ன மாதிரி ஆகும். நான் சமத்துவவாதி. ஸ்திரீகளை நிற்க வைத்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. என் மனைவி நிற்கும்போது நான் பேசுவதே கிடையாது. அவள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருப்பாள் என்பது வேறு விஷயம்."

இதைப் பற்றி மத்தியானம் வரை வாதம் நடந்தது. இங்கிலாந்தில் இருந்து இரண்டு தீர்ப்புகளும் கல்கத்தாவில் இருந்து ஒன்றும் எடுத்துக் காட்டப்பட்டன. மத்தியானம் தலைவர் உத்தரவு போட்டார்: சாட்சி உட்காரவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம், தூணில் சாய்ந்துகொள்ளலாம். ஆவுடைத்தாய் சாய்ந்துகொண்டாள். அவ்வளவில் சாப்பாட்டு மணி அடித்தது.

"அண்ணாச்சி, கெணத்தப் பத்தி ஒண்ணும் கேக்கலியே" என்றாள் என்னிடம்.

"மொதல்ல பூர்வாங்கம் முடியணும்" என்றேன். அப்படி ஒரு வார்த்தை இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஜமீன்தார் புதுப் பிரச்னை ஒன்றைக் கிளப்பினார். பெரிய கோர்ட்டில் நீதிபதி தலையில் வெள்ளை விக்கு வைக்க வேண்டுமே, கொண்டையின் மேல் அது எப்படி நிற்கும்? பாரிஸ்டர் பெட்டியைத் திறந்து, தாம் லண்டனில் வாங்கிய விக்கை எடுத்து வந்தார். ஆவுடைத்தாயின் கொண்டையை அடிக்கோலால் அளந்தார்கள். மூன்றே கால் அங்குலம். விக்கை வைத்துப் பார்த்தார்கள். சாரல் ஈரத்தில் அது ஊறிப்போய் ஒரு மாதிரி வாடை அடித்தது. அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"எசமான், இது என்ன மயிரு?"

"மரியாதை, மரியாதை" என்றார் ஜமீன்தார்.

"குதிரைவால் ரோமம் அம்மா. பரம்பரையாக நீதிபதிகள் அணிவது" என்றார் பாரிஸ்டர்.

"ஆங்குதிரையா, பொட்டைக் குதிரையா?"

பாரிஸ்டர் விக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒருவேளை பெட்டைக் குதிரையாக இருந்தால், இத்தனை வருஷமாக மாட்சிமை தங்கிய கோர்ட்டுகளில் நடந்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்? தலைவர் தம் மொட்டைத் தலையை மெதுவாகத் தடவிக்கொண்டார். முப்பது வருஷம் அந்தத் தலையில் இருந்தது எது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. லண்டன் விக்குக் கடைக்குக் கடிதம் எழுதிப் பதில் வரும் வரை இந்த அம்சத்தை ஒத்திவைப்பது என்று முடிவாயிற்று. கடிதத்தின் நகல் எடுத்தது நான்தான்.

நாலாம் நாள் குணநலன்கள். ஜமீன்தார்தான் கேட்டார்.

"பெண்களுக்கு இயற்கையிலேயே இளகிய மனசு. கொலைகாரனுக்குத் தூக்குத் தண்டனை கொடு என்றால் கை நடுங்கும். உனக்கு ஒரு உயிரைப் போக்க மனசு வருமா, சொல்லு பார்க்கலாம்."

"நாலு நாளா நீங்க திங்கிய கோழிய ஆரு அறுத்தான்னு நினைச்சீய எசமான்?" என்றாள்.

ஜமீன்தார் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு வேறு வழியில் வந்தார். "இருக்கட்டும். பெண்ணுக்கு வீட்டு நினைப்பு விடாது. கோர்ட்டில் உட்கார்ந்திருந்தாலும் அடுப்பில் என்ன வேகிறது என்றுதான் புத்தி போகும். ஆணுக்கு அந்தத் தொந்தரவு இல்லை." இதைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாம், இன்றைக்கு என்ன, வறுவலா குழம்பா?" என்றார்.

"குளம்பு" என்றாள் ஆவுடைத்தாய். அது சாட்சியத்தில் பதிவாயிற்று.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார். "நீதிபதிக்கு வேண்டிய முதல் குணம் பொறுமை. ஒரு பாகப்பிரிவினை வழக்கை நான் பதினோரு வருஷம் பொறுமையாக வைத்திருந்தேன். இரண்டு தரப்பும் காலமான பிறகுதான் தீர்ப்புச் சொன்னேன். யாருக்கும் ஒரு சிறு மனத்தாங்கல்கூட இல்லை. இந்தப் பொறுமை ஸ்திரீகளுக்கு உண்டா என்பதுதான் என் கவலை."

தூணில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டாள். "எசமான், எனக்கு நாலு வருசம் ஆச்சு. எங்க கெணறு..."

"கேட்காததற்குப் பதில் சொல்லக் கூடாது" என்றார் தலைவர் கனிவாக.

அன்று சாயங்காலம் அவள் கோழிக் கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாத அழுகை. "இவுகளுக்குக் கொண்டைய அளக்கத் தெரியுது. கெணத்த அளக்கத் தெரியலியே அண்ணாச்சி" என்றாள். எனக்கு நெஞ்சு சுட்டது. ஆனாலும் நான் ஒரு சப்ளை குமாஸ்தா. இன்னும் மூன்று நாள் பொறு என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

ஐந்தாம் நாள் கமிட்டி கூடவில்லை. காரணம் அருவி.

கமிட்டிக்கென்று காலையில் ஒரு மணி நேரம் பேரருவியில் கூட்டத்தை விலக்கிவைத்திருந்தோம். மரியாதைக்கிரமப்படி தலைவர் நடுவில் நிற்பார், ஜமீன்தார் அடுத்து, பாரிஸ்டர் ஓரத்தில். நடுவில்தான் தண்ணீர் மொத்தமும் இடி மாதிரி விழும். தலைவருக்கு அறுபத்தெட்டு வயது. நாலு நாளில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. ஜமீன்தாருக்கோ நடு இடத்தின் மேல்தான் கண். தலைவர் ஓரத்துக்குப் போகலாமே என்றார். தலைமைப் பதவி ஓரத்துக்குப் போவதாவது என்று தலைவர் மறுத்தார். ஜமீன்தார் ஆட்சேபக் குறிப்பு எழுதினார். தலைவர் அதற்குப் பதில் குறிப்பு எழுதினார். பாரிஸ்டர் இரண்டையும் கண்டித்து ஒரு குறிப்பு எழுதினார். இதைத் தீர்ப்பது யார்? தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. மூன்று பேருமே கட்சிக்காரர்கள். இரண்டு நாள் மூன்று பேரும் மூன்று அறையில் இருந்தார்கள். குறிப்புகளை ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நான் சுமந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் தலைவரின் கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்கத் தவிட்டு மூட்டையோடு ஆவுடைத்தாய் போனாள். மற்ற இருவரும் கதவருகில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எசமான்மாரே, ஒண்ணு சொல்லுதேன்" என்றாள். "இடத்த ஏன் நடுவுலருந்து எண்ணுதீய? கரையிலருந்து எண்ணுங்க. அப்பம் ஓரந்தான் மொத இடம். மொத இடத்துல தலைவரு எசமான் நிக்கட்டும். ரெண்டாம் இடம் நடுவு. அங்கன ஜமீன் எசமான் நிக்கட்டும். ஆருக்கு என்ன கொறஞ்சிச்சு?"

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் அருவிக்குக் கிளம்பிவிட்டார்கள். தலைவர் ஓரத்தில், முதல் இடத்தில், குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்ததும் பாரிஸ்டருக்கு மனச்சாட்சி உறுத்தியது. ஒரு ஸ்திரீ நியாயம் சொல்லி மூன்று பேர் கீழ்ப்படிந்ததை அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார். "சேர்த்தால் நாம் முன்கூட்டியே முடிவு செய்ததாக ஆகும்" என்றார் தலைவர். ஜமீன்தார் இயற்கை நியாயத்தை எடுத்து வைத்தார். "அருவியே ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரிந்துதானே விழுகிறது!"

"தண்ணி ஒண்ணாத்தான் விளுது எசமான். கீள கயிறு கட்டுனது நாமதான்" என்றாள் அவள், ஈரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

இதுவும் பதிவாகவில்லை. அருவிச் சச்சரவு தானாகவே தீர்ந்தது என்று குறித்துக்கொண்டார்கள்.

ஏழாம் நாள் தலைவர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண், பெண் என்ற பேதம் அறவே கூடாது. தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும். பாரிஸ்டர் கைதட்டினார். தகுதியாவது: விண்ணப்பதாரர் இதற்கு முன் பத்து வருஷமாவது நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஸ்திரீகள் இல்லாதிருப்பது ஸ்திரீகளின் குறையே அன்றிக் கமிட்டியின் குறை ஆகாது. பாரிஸ்டர் மறுபடியும் கைதட்டினார். பழக்க தோஷம்.

ஆவுடைத்தாய் கும்பிட்டபடி முன்னால் வந்தாள். "எசமான், கெணறு?"

"எந்தக் கிணறு?" என்றார் தலைவர். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அனுதாபத்தோடு தலையாட்டினார். கழுத்து இப்போது நன்றாக ஆடியது. "அது உள்ளூர்க் கோர்ட்டின் அதிகாரம் அம்மா. அங்கே போய்ப் பொறுமையாக இரு."

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. வந்த சாமான் ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று எழுதிக் கமிட்டியின் கையெழுத்தை வாங்க வேண்டும். கோழி பன்னிரண்டு, செலவு. முட்டை அறுபது, செலவு. கடைசிச் சாமானைத் திருப்பி எடுத்துப் போவதால் அதற்குத் தனி ரசீது. இங்கிலீஷில் எழுதினேன். மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். தலைவர் அரக்கு முத்திரையும் வைத்தார். முத்திரை வைப்பதில் அவருக்கு அலாதி பிரியம்.

வண்டியில் வரும்போது அவள் கேட்டாள்: "அது தீர்ப்பா அண்ணாச்சி?"

"இல்லம்மா. ரசீது."

"மூணு பேரும் ஒப்புப் போட்டிருக்காகளா?"

"ஆமா."

"முத்திரை?"

"இருக்கு."

"அதக் குடுங்க" என்றாள். ஆபீசுக்கு நகல் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

ஊர் திரும்பிய நாலாம் நாள் பகலில் சங்கிலிப்பாண்டி எங்கள் ஆபீசுக்கு வந்தார். நல்ல ஆகிருதி, முறுக்கின மீசை. ஆனால் முகம் வெளுத்திருந்தது. பின்னால் ஆவுடைத்தாய். குற்றாலத்தில் மூன்று ஜட்ஜுகள் ஏழு நாள் உட்கார்ந்து அவளை விசாரித்தார்கள் என்பது ஊர் பூராவும் தெரிந்துபோயிருந்தது. அவர் அந்தக் காகிதத்தை விளிம்பில் மட்டும் பிடித்து என் மேஜையில் வைத்தார்.

"குமாஸ்தா அண்ணாச்சி, இதுல என்ன எளுதியிருக்குன்னு கேட்டா இவ உங்ககிட்ட வாசிக்கச் சொல்லுதா. கெணறு ஆருக்குன்னு போட்டிருக்கு?"

நான் காகிதத்தைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால் அவள் மிளகாய் கருகும். இல்லாததைச் சொன்னால் என் உத்தியோகம் கருகும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் தலையாட்டத் தோன்றவில்லை.

"வாசிங்க அண்ணாச்சி" என்றாள் அவள். "குத்தாலத்துல சொன்னதுதானே. கெணறு ரெண்டு பேருக்கும் பொது. ஒரு நா விட்டு ஒரு நா தண்ணி. அத்தான் தோட்டம் எந் தோட்டத்தவிட நாலு பாத்தி கூடுதல். அதனால ஞாயித்துக்கெளம அவுகளுக்கு."

முழுக் கிணற்றையும் அவள் வாரிக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிக் கேட்டிருந்தாலும் கொடுத்துவிடும் நிலையில்தான் சங்கிலிப்பாண்டி நின்றார். நான் காகிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை வரி பிசகாமல் வாசித்தேன்.

சங்கிலிப்பாண்டி பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கெளமயும் எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அவர் அரைஞாணில் இருந்த சாவியை அவிழ்த்தார். அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. "எனக்குக் கெணறே போயிரும்னு நெனச்சேன். நாலு பாத்தியக்கூட எண்ணிப் பாத்துல்லா சொல்லியிருக்கு! இப்பிடி நியாயம் சொன்ன ஜட்ஜு ஆரு அண்ணாச்சி? பேரு போட்டிருக்கா?"

இதற்காவது உண்மையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. ரசீதின் முதல் வரியில் விரலை வைத்தேன்.

"பேரு போடல. ஸ்திரீ ஒன்றுன்னு மட்டும் போட்டிருக்கு."

"பொம்பளையா?" அவர் அசந்துபோனார். காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆவுடைத்தாய் பக்கம் திரும்பிச் சாவியை நீட்டினார்.

"கேட்டியா? அவளும் பொம்பளதான். நீயும் இருக்கியே."

"சரி அத்தான்" என்று சாவியை வாங்கிக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, அவள் முறை.